அசல் பீட்ரூட்

மார்ச் 4, செவ்வாய்

தெருமுனைக் கடைக்காரர் ஒருவழியாகத் தலையாட்டிவிட்டார். சனிக்கிழமை, 15ஆம் தேதி, கடை வாசலில் ருசி காட்ட வேண்டும். ஜனங்களுக்குப் பிடித்தால் கடை அலமாரியில் ஒரு தட்டு எங்களுக்கு.

வெளிநாட்டுச் சாப்பாடு விற்க அண்ணியும் நானும் போட்ட திட்டங்களில் ரொட்டி, சூப் எல்லாம் உதிர்ந்துவிட்டன. நின்றது மாடி வீட்டுப் பல் டாக்டர் சொல்லித்தந்த பீட்ரூட் மட்டும். உப்புத் தண்ணீரில் கிடந்து தானாகப் புளித்து, நாக்கைச் சுண்டும். அந்த அம்மாவின் நாட்டில் தினமும் தட்டில் இருக்குமாம்.

வேலை போனதிலிருந்து அண்ணி சரியாகப் பேசுவதே இல்லை. இன்று பாட்டில் கழுவும்போது பாடினாள். “என்ன நாத்தனாரே, முதலாளி ஆயிட்டோமா?” இது நிலைக்க வேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

பாட்டிலில் என்ன எழுதுவது? ‘பீட்ரூட் ஊறல்’ என்றேன். “போலீஸ் வந்து கொட்டிட்டுப் போகும்” என்றான் அண்ணன். ‘அசல் பீட்ரூட்’ என்றேன். “அசல் தேறுமா பாருங்க, வட்டி அப்புறம்.” இவன் வாய்க்கு ஒரு பூட்டு வேண்டும்.

டாக்டருக்கு அசல் என்றால் என்னவென்று தெரியவில்லை. நோயாளிகளிடம் கற்ற தமிழ் அவருடையது. வாயைத் திறங்க, மூடுங்க, துப்புங்க.

“மாத்தாததுன்னு அர்த்தம்.”

“அப்போ மாத்தக் கூடாது, மேடம்.”

“மாத்த மாட்டோம், டாக்டர்.”

வாக்குக் கொடுத்தது நான்.

மார்ச் 15, சனி

எல்லாம் விற்றுவிட்டது. ஆனால் ஒருவர்கூடக் கண்ணை மூடவில்லையே — முதல் தடவை எனக்குக் கண் தானாக மூடிக்கொண்டது. அது அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

மாலையில் டாக்டர் வந்தார். அவருக்கென்று எடுத்துவைத்த பாட்டிலிலிருந்து ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டார். “நல்லா இருக்கு. இது என்ன?”

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார். பாட்டிலில் என் கையெழுத்தில் ‘அசல்’. அண்ணி தரையைப் பார்த்தாள்.

சர்க்கரை. எனக்குத் தெரியாமல் போட்டிருக்கிறாள்.

டாக்டர் கரண்டியை வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டார். கதவை அறையக்கூட இல்லை. அறைந்திருக்கலாம்.

மார்ச் 16, ஞாயிறு

“எல்லாரும் மூஞ்சியைச் சுளிச்சா நம்ம கதி? எனக்கு இந்த ஒண்ணாவது ஓடணும்டி.”

“எங்கிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி.”

“சொன்னா விட்டிருப்பியா?”

விட்டிருக்க மாட்டேன். அவமேல கோபமா வருது, அழுறதைப் பார்த்தா கோபப்படவும் முடியல. என்ன பண்றது?

மார்ச் 17, திங்கள்

கடைக்காரர் போன் செய்தார். தட்டு எங்களுக்குத்தான் — அதே ருசியாக இருந்தால்.

மார்ச் 19, புதன்

அகராதியைப் புரட்டினேன். அசல்: மூலம், கலப்பற்றது. அதற்கும் கீழே: பக்கத்து, அயல். அசலூர், அசலார் — தெரிந்த சொற்கள்தான், சேர்த்துப் பார்த்ததில்லை. டாக்டருக்கு அது அன்றாடச் சாப்பாடு. ‘அசல்’ என்று நான் எழுதியது எந்த அர்த்தத்தில்? கலப்பில்லாதது என்றா, நம்முடையதல்ல, அதனால் விலை போகும் என்றா?

மார்ச் 22, சனி

இருவரும் மாடியேறினோம். “மன்னிச்சிடுங்க டாக்டர், நான்தான் போட்டேன். வேணாம்னா கடைக்குப் போய் இல்லேன்னு சொல்லிடறோம்” என்றாள் அண்ணி. அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும்.

டாக்டர் அண்ணியை உட்காரச் சொன்னார்.

“சர்க்கரை உங்க சாப்பாடு. என் ஊர் பேர்ல வேண்டாம். வித்துக்கோங்க. பல் போனா எங்கிட்டதானே வரணும்?”

அண்ணிக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இறங்கும்போது படியிலேயே முடிவாயிற்று: இரண்டு வகை. இனிப்பு, ‘கீழ் வீடு’. புளிப்பு, ‘மாடி வீடு’. எதிலும் அசல் கிடையாது.

மார்ச் 24, திங்கள்

கடைக்காரர்: “புளிப்பு வேணும்னா ஓரமா இருந்துட்டுப் போகட்டும்.”

ஏப்ரல் 6, ஞாயிறு

கீழ் வீடு ஓடுகிறது. மாடி வீடு தவழ்கிறது. நேற்று டாக்டரே கடை வாசலில் நின்று கரண்டியை நீட்டினார்: “பிடிக்கலேன்னா துப்புங்க.” நிறையப் பேர் துப்பினார்கள். ஒரு பெண் கண்ணை இறுக மூடி, உடம்பைக் குலுக்கி, இன்னொரு கரண்டி கேட்டாள்.

புளிப்பை இப்போது டாக்டரே மேலே பாட்டிலில் அடைக்கிறார். இன்று காலை மாடிப்படியிலிருந்து அவர் சத்தம்: “நாத்தனாரே! மூடி பத்தல!”

அண்ணி என்னை அப்படிக் கூப்பிடுவதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார் போல. அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். திருத்தாதே என்று கை காட்டினாள்.

மூடிகளை எடுத்துக்கொண்டு மேலே போனேன்.