டிரம்மண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை

ராஸ் அல் கைமா,
புதன்கிழமை

சிரஞ்சீவி விமலுக்கு உன் அப்பா எழுதுவது.

இருமலைத் தவிர இங்கே சுகம். சுஷ்மிதாவுக்கு ஏழாம் மாதம் என்று உன் அம்மா சொன்னாள். வெயிலில் அலைய விடாதே. நீ என் போனை எடுப்பதில்லை. அதனால் மீராசா பாய் சரக்கு எடுக்க தோஹா வரும்போது அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுக் கிழி.

பெரியப்பா இறந்து ஐந்து மாதம் ஆகிறது. இறப்பைப் பதிய வேண்டாம் என்று பெரியம்மாவைத் தடுத்தவன் நீ. பதிந்தால் அவர் பெயரில் நான் வைத்திருக்கும் பாஸ்போர்ட் செல்லாது, அதை வைத்து நீ வாங்கிய காகிதங்களும் ஆட்டம் காணும் என்று பயந்தாய். விதவை உதவித்தொகைக்கு அவரால் மனுப் போட முடியவில்லை. போன வாரம் போனில் என்னிடம், "கொழுந்தனாரே, மண்ணுக்குள்ள கெடக்குற மனுசன துபாய்ல இருக்காகன்னு இன்னும் எத்தன நாளைக்கு நான் சொல்லிக்கிட்டுத் திரியட்டும்?" என்று கேட்டார். கருப்பாயி அண்ணி என்னிடம் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை.

1997-இல் விசா வந்தது பெரியப்பாவுக்குத்தான். பயணத்துக்கு எட்டு நாள் முன்பு அவருக்குக் கால் ஒடிந்தது. விசா வீணாகக் கூடாது என்று, முகச்சாயலை நம்பி, அவர் பாஸ்போர்ட்டில் நான் ஏறினேன். அப்படி வந்தவர்கள் இந்த கேம்பிலேயே நாலு பேர் இருந்தார்கள். இரண்டு வருஷம்தானே என்று நினைத்தோம். உன்னைப் பள்ளியில் சேர்க்கும்போதும் தகப்பன் பெயராகப் பெரியப்பா பெயரை, பொன்னுச்சாமி என்றே கொடுக்கச் சொன்னேன். அது என் தப்பு. நான் ஒப்புக்கொள்கிறேன். நீதான் எதையும் ஒப்புக்கொள்வதில்லை.

எங்கள் குவாரியில் பாதுகாப்பு அதிகாரி ஒரு ஸ்காட்லாந்துக்காரர், பெயர் மெக்கிரெகர். டீ நேரத்தில் அவர் குடும்பப் பெயரைப் பற்றிக் கேட்டேன். என் இங்கிலீஷ் குவாரியில் கற்றது, ஆனாலும் மூன்று நாள் விடாமல் கேட்டு எழுதி வைத்துக்கொண்டேன். மெக் என்றால் மகன். கிரெகரின் மகன். நம்மைப்போல அதுவும் அப்பன் பெயர்தான். நமக்குத் தலைமுறைக்குத் தலைமுறை மாறும், அவர்களுக்கு அந்த ஒரு கிரெகரிலேயே நின்றுவிட்டது.

1603-இல் பக்கத்துக் குலத்தாரோடு நடந்த சண்டையில் பலரைக் கொன்றதற்காக, அரசர் அந்தப் பெயரையே தடை செய்தாராம். வைத்திருந்தால் மரணம். அந்தப் பெயரில் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்கக் கூடாது என்று பாதிரிமாருக்குக்கூட உத்தரவு. முர்ரே, கிராண்ட், டிரம்மண்ட் என்று அடுத்தவன் பெயருக்குள் ஒளிந்து பிழைத்தார்கள். இடையில் தளர்த்தி, மறுபடி தடுத்து, 1774-இல்தான் முழுவதுமாக நீக்கினார்கள். சிலர் பழைய பெயருக்குத் திரும்பினார்கள். சிலர் இரவல் பெயரிலேயே இருந்துவிட்டார்கள். இவருடைய முன்னோர் டிரம்மண்டாக இருந்து திரும்பியவர்கள்.

பெயர் கொடுத்த டிரம்மண்டுகளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். அவர்களுக்கு என்ன ஆகும், அதே பெயரில் வாழ்ந்து அதே பெயரில் செத்தார்கள் என்று சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குப் பெயர் கொடுத்தவருக்குச் சாவைக்கூட நாம் விட்டு வைக்கவில்லை.

"ரெண்டு வருசம் பொறுங்கப்பா, விசாவ கேன்சல் பண்ணிட்டு ஊருக்கு வந்துட்டா யாருக்குத் தெரியப் போகுது" என்றாய். என் நெஞ்சில் கல்தூசி அடைத்திருக்கிறது. இரண்டு வருஷம் இருக்கிறதா என்று டாக்டர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் இங்கே செத்தால் பொன்னுச்சாமி என்று எழுதிய பெட்டி ஊருக்கு வரும். அண்ணிதான் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். உன் அம்மா தள்ளி நிற்பாள்.

திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன். துபாய் போய், துணைத் தூதரகத்தில் நான் அருள்முருகன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். ஜெயில் என்றால் ஜெயில். தடுக்க ஆள் அனுப்பாதே. உன்னை விசாரித்தால், சிறுவயதில் அப்பன் கொடுத்த பெயர், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல். நானும் அப்படியே எழுதுகிறேன். அதற்குப் பிறகு நீ என்னோடு பேசாவிட்டாலும் போகட்டும்.

சுகப்பிரசவம் ஆகட்டும். பிள்ளை நீண்ட ஆயுளோடு இருக்கட்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இறப்புச் சான்றிதழுக்கு அண்ணி தாலுகா ஆபீஸ் போகும் நாளில், லீவு எடுத்து ஊருக்குப் போய் நீ கூடப் போ. இறந்தவருக்கு நீங்கள் என்ன வேண்டும் என்று கேட்பார்கள். தம்பி மகன் என்று சொல்.

இப்படிக்கு,
அருள்முருகன்