குறைஞ்சா இல்லடி, குறைஞ்சாலும்

என் மகள் யாழினியின் பள்ளிக்காகப் பிறப்புச் சான்றிதழைத் தேடி இன்று காலை பீரோவின் அடித்தட்டைக் கலைத்தேன். ரேஷன் கார்டு நகல்களுக்கு நடுவே அந்த ஆஸ்பத்திரித் தாள் கிடைத்தது. மடித்த இடங்களில் நைந்து போயிருந்தது. கடைசி வரியில் ஒரே ஒரு வார்த்தைக்குக் கீழே நகத்தால் அழுத்திக் கீறிய கோடு. உன் நகம். சான்றிதழை மறந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ போய் எட்டு மாதம் ஆகிறது.

நாம் இருவரும் ஒரே வயது. ஒரே உப்பளத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாத்தியில் வேலை. நான் பன்னிரண்டாவது வரை படித்தவள், நீ பத்தோடு நின்றவள். ஆனால் இங்கிலீஷ் பைத்தியம் உனக்குத்தான் பிடித்திருந்தது. ஈ.சி.ஆர். பக்கம் ஏதாவது ஒரு ரிசார்ட்டில், வருகிறவர்களை வரவேற்கிற மேஜையில் உட்கார்ந்துவிட வேண்டும் உனக்கு. போனில் பாடம் கேட்பாய். மறுநாள் உப்பை வாரிக்கொண்டே அதை என்மேல் ஏவுவாய்.

"'இஃப் இட் ரெய்ன்ஸ், வீ லூஸ் த சால்ட்.' சொல்லுடி."

"மழை வந்தா உப்பு போயிடும். இதுக்கு இங்கிலீஷ் வேற வேணுமா?"

"திருப்பிப் போட்டும் சொல்லலாமாம். 'வீ லூஸ் த சால்ட், இஃப் இட் ரெய்ன்ஸ்.' உப்பு போயிடும்னு முதல்ல சொல்லிட்டு, மழை வந்தான்னு அப்புறமா சொல்றான் பாரு. பாதியில காதை மூடிட்டா, உப்பு நெசமாவே போச்சுன்னு நெனைச்சிக்குவோம்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. உனக்கு அது விளையாட்டாக இல்லை. வென், பிகாஸ், அன்லெஸ் என்று வாரத்துக்கு ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, அது நம் பேச்சில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடுவாய். நம்மிடம் அது தனி வார்த்தையாகக்கூட இருப்பதில்லை, வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்த அன்று, பாத்தி வரப்பில் நின்று கைதட்டினாய். மேஸ்திரி திட்டினார்.

யாழினிக்கு அப்போது ஆறு வயது. காய்ச்சல் வந்த நான்காம் நாள் புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் காட்டினோம். டெங்குவாக இருக்கலாம் என்றார்கள். ரத்தம் எடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், ஒரு தாளும் கொடுத்தார்கள். டாக்டர் தமிழில்தான் விளக்கினார். ஊசிக்குப் பயந்து குழந்தை கத்திய கத்தலில் என் காதில் பாதிதான் விழுந்தது.

மறுநாள் காலை காய்ச்சல் விட்டிருந்தது. உடம்பு குளிர்ந்திருந்தது. எட்டு மணிக்குக் கொஞ்சம் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கினாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. அந்தத் தாளை எடுத்துப் படித்துப் பார்த்தேன். ஸ்லீப்பி என்று இருந்தது. இஃப் என்று இருந்தது. ஃபீவர் ஹேஸ் கம் டவுன் என்று இருந்தது. தெரிந்த வார்த்தைகளை நானே கோத்துக்கொண்டு என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்: "ஜுரம் இறங்கினா நல்லா தூக்கம் வருமாம். அப்புறமா ஒரு தடவை வந்து காட்டணுமாம்."

ஒரு மணிக்கு நீ வந்தாய். அன்று நீ உப்பளத்துக்குப் போகவில்லை. இஸ்திரி போட்ட மாம்பழக் கலர் புடவை, தலையில் பூ. மூன்று மணிக்குக் கீழ்புத்துப்பட்டு தாண்டி ஒரு ரிசார்ட்டில் உனக்கு இன்டர்வியூ. பஸ்ஸுக்குப் போகிற வழியில் குழந்தையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று எட்டிப் பார்த்தாய்.

"இன்னுமா தூங்கறா?"

"ஜுரம் விட்டுடுச்சிடி. தாள்லயே போட்டிருக்குது, தூக்கம் வரும்னு."

நீ குழந்தையின் பாதத்தைத் தொட்டாய். உன் முகம் மாறியது. தாளை வாங்கி, உதடு அசைய மெதுவாகப் படித்தாய். முதலிலிருந்து மறுபடியும் படித்தாய். 'கம் பேக் அட் ஒன்ஸ் இஃப் ஷீ இஸ் ஸ்லீப்பி, ஈவன் இஃப் த ஃபீவர் ஹேஸ் கம் டவுன்.' உன் நகம் ஈவன் என்ற வார்த்தையின் கீழ் நின்றது.

"ஐயோ, இதை விட்டுட்டியேடி. குறைஞ்சா இல்லடி, குறைஞ்சாலும்! ஜுரம் குறைஞ்சாலும், தூங்கி வழிஞ்சா உடனே தூக்கிட்டு வரச் சொல்றான்!"

என் வீட்டுக்காரர் வாசலிலிருந்து சொன்னார்: "ஏம்மா, ஜுரமே இல்ல. தூங்கற புள்ளைய எழுப்பி வெயில்ல இழுத்துட்டுப் போகணுமா? அந்த ஒரு வார்த்தைக்கா?"

"எழுப்பிப் பாருங்கண்ணா, எழுந்திரிச்சா நான் போறேன்" என்றாய்.

அவர் கூப்பிட்டார். உலுக்கினார். யாழினி கண்ணைத் திறந்து அவரைத் தாண்டி எங்கேயோ பார்த்துவிட்டு மூடிக்கொண்டாள். அவர் ஆட்டோவுக்கு ஓடினார்.

அனுமந்தை தாண்டியபோதுதான் எனக்கு நினைவு வந்தது. "உன் இன்டர்வியூ?"

"வாயை மூடிட்டு புள்ள தலைய பிடி."

அந்த ரிசார்ட்டின் பெரிய கேட் இடது பக்கம் வந்தது, போனது. நீ குனிந்து குழந்தையின் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாய். நிமிர்ந்து பார்க்கவே இல்லை. பூ எங்கேயோ விழுந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நாடி பிடித்தார். "எப்போலேர்ந்து இப்படி?" என்றார்.

"எட்டு மணியிலேர்ந்து, சார்."

அவர் என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாமல், குழந்தையை அவரே தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கதவு மூடியது. இரண்டு மணி நேரம் யாரும் வெளியே வரவில்லை. நான் உன் தோளில் முகத்தைப் புதைத்து, "நான்தான்டி தப்பா படிச்சேன், நான்தான்" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். நீ சமாதானம் எதுவும் சொல்லவில்லை. என் கையை விடவும் இல்லை.

பிறகு ஒரு நர்ஸ் வந்தாள். "பிரஷர் ரொம்ப இறங்கிடுச்சிக்கா. இப்ப ஏறுது. சாயங்காலம் வந்திருந்தா..."

ஐந்தாம் நாள் யாழினியை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்த ரிசார்ட் உன்னை மறுபடி கூப்பிடவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து வேறு ஒன்று கூப்பிட்டது. மூன்று வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்தாய். அதன் பிறகு சிறுநீரகம். எத்தனை வருஷ வெயில், எத்தனை நாள் தண்ணீர் குடிக்காமல் நின்ற நிற்பு. சொல்லி என்ன?

கடைசி வாரத்தில் நான்தான் உன்னோடு வார்டில் இருந்தேன். ஒரு காலையில் பெரிய டாக்டர் வந்தார். உன் கட்டிலின் காலடியில் நின்று, கூட வந்த சின்ன டாக்டரிடம் இங்கிலீஷில் சொன்னார்: 'ஷீ கேன் கோ ஹோம், சின்ஸ் தேர் இஸ் நத்திங் மோர் வீ கேன் டூ.' நமக்குத் தெரியாது என்ற தைரியம். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் தண்ணீர் டம்ளரைத் துடைத்தேன். துடைத்ததையே துடைத்தேன்.

"என்னடி சொல்லிட்டு போறாரு?" என்று கேட்டேன். ஏன் கேட்டேனோ.

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். "வீட்டுக்குப் போலாமாம்" என்றாய். ஒரு புள்ளியோடு நிறுத்துவதைப் போல அங்கேயே நிறுத்தினாய். சிரிக்கக்கூடச் செய்தாய்.

ஒரு வரியைக்கூடப் பாதியில் விடாதவள் நீ. அதன் அடுத்த பாதி எனக்குத் தெரியும்: இனிமேல் செய்ய நம்மிடம் ஒன்றும் இல்லை என்பதால். சின்ஸ் என்ற வார்த்தையைப் பாத்தி வரப்பில் நின்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவளே நீதான். அது எனக்கு ஞாபகம் இருந்தது என்பதும் உனக்குத் தெரிந்திருக்கும்.

"அப்போ துணியெல்லாம் எடுத்து வைக்கறேன்" என்று எழுந்தேன்.

யாழினி இப்போது உன்னைப்போலவே சத்தமாக இங்கிலீஷ் படிக்கிறாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு வரியையும் முடியும் வரை கேட்கிறேன். அன்று நீ சொல்லாமல் விட்ட பாதியை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன்னிடமே சொல்லாததை வேறு யாரிடம் சொல்வேன்?