சுவரில்லாத வீட்டில் பால் காய்ச்சு

ஜூன் 10, செவ்வாய்
காலையில் சாரல். கடல் கனத்துக் கிடக்கிறது. முதியோர் வகுப்பு டீச்சர் தந்த நோட்டில் இன்றும் ஒரு பக்கம். விரல் நோவு. பரவாயில்லை, எழுத எழுத ருசி.

ஜெரின் வந்துவிட்டான். தங்கச்சி திரேசம்மாளின் மகன். கூடவே கருங்கல் ஊர்க்காரன் விஜின். இருவரும் புருஷன் பெஞ்சாதி போலச் சேர்ந்து வாழ்கிறவர்கள். அது தெரிந்த நாள் முதல் திரேசம்மாள் மகனோடு பேச்சில்லை. நான் இருப்பதோ அவள் வீட்டில், போன ஆடியில் கடல் என் அடுக்களையைக் கொண்டு போனதிலிருந்து. மிச்சமுள்ள பாதி வீட்டைப் பயல்களுக்குக் கொடுத்திருக்கிறேன். கலை செய்யப் போகிறார்களாம்.

ஜூன் 12, வியாழன்
நல்ல வெயில். போய்ப் பார்த்தேன். கடல் தின்ற சுவருக்குப் பதில் பழைய வலையும் சேலையும் தைத்துத் தொங்குகிறது. வானவில் நிறம். காற்றடித்தால் சுவர் மூச்சு விடுகிறது. தரையில் சுண்ணாம்புக் கோடு: இங்கே கட்டில், இங்கே அலமாரி, இங்கே சாப்பாட்டு மேசை.

"நாகர்கோவில்ல ரெண்டு ஆம்பிளைக்கு வீடில்லன்னுட்டாவ மாமா," என்றான் விஜின். "அதான் கடல் எடுக்கப்போற வீட்டுல குடியேறுதோம். ஞாயிறு பால் காய்ச்சு. அதுதான் கலை."

வாசலுக்கு மேல் பேர் எழுத என்னையே ஏற்றிவிட்டார்கள். ஜெரின், விஜின். கீழே இறங்கி நானே வாசித்தேன். நன்றாக இருக்கிறது.

"அம்மை வருவாளா மாமா?" ஜெரின் கேட்டான்.
"தெரியாது மக்கா."

ஜூன் 14, சனி
மழை. பயல்கள் கொடுத்த அழைப்பு அட்டையில் பால் காய்ச்சு என்று கண்டதும் ஊர் நிஜமாகவே எடுத்துக்கொண்டது. கடைக்காரன் சூசை சொன்னான்: "ஓய், கடலுக்கும் சேத்துல்லா பந்தி போடணும்." கேலி செய்த அவனே சுவர்க்கடிகாரம் பொதிந்து வைத்திருக்கிறான். எந்தச் சுவரில் மாட்டுவார்கள் என்று என்னிடமே விசாரணை.

திரேசம்மாளுக்கு அட்டையை வாசித்துக் காட்டினேன். மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். கழுவிய மீனையே மறுபடியும் கழுவினாள். மத்தியானம் கஞ்சி ஊற்றினாள்.

ஜூன் 15, ஞாயிறு
பூசை முடிந்து நேரே அங்கே. மேகம், பெருங்காற்று. கலை பார்க்க வந்த கொச்சிக்காரர்கள் கேமராவோடு, ஊர்க்காரர்கள் பாத்திரத்தோடு. கலைக்கு இவ்வளவு எவர்சில்வர் வரும் என்று பயல்கள் நினைக்கவில்லை.

இடிந்த கல்லைக் கூட்டி அடுப்பு. பற்றவைக்க, அணைய. மறுபடி பற்றவைக்க, அணைய. ஜெரினின் கண் வாசலிலேயே.

வந்தாள் திரேசம்மாள். வெறுங்கை. யாரையும் பார்க்கவில்லை. வலைக்கு முதுகு காட்டிக் குந்தி, முந்தானையை விரித்துக் காற்றை மறித்தாள்.

"பத்த வைலே," என்றாள் மகனிடம்.

பால் பொங்கியது. ஜெரின் அழுகையும் சிரிப்புமாக. அவள் ஒரு வாய் குடித்துவிட்டு விஜினைப் பார்த்தாள்.

"கடல் ஏறினா எங்க போவிய?"
"தெரியாதும்மா."
"எனக்க வீட்டுப் பின்னறையில அண்ணன் கெடக்கான். முன்னறை சும்மாத்தான் கெடக்கு."

வந்ததும் இதை எழுதுகிறேன். முன்னறையில் பெருக்கும் சத்தம்.