லேப்டாப்பின் நெற்றியில் சந்தனம்

மச்சான்,

உன் லேப்டாப்பைத் துடைத்த ஈரத்துணி ஜன்னல் கம்பியில் காய்கிறது. அதிலிருந்து சந்தன வாசனை வருகிறது. காலையிலிருந்து அதற்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறேன். கடையைத் திறக்கவில்லை. பிரிண்டர் என்ன ஆயிற்று என்று இரண்டு பேர் போன் செய்தார்கள், இரண்டு பேர் மீதும் எரிந்து விழுந்தேன். நீ இருந்தால் "ஒனக்கு நாக்குல சனி மச்சான்" என்று சொல்லி அடக்கியிருப்பாய். அடக்க ஆள் இல்லாததால் கொஞ்சம் அதிகமாகவே விழுந்துவிட்டேன்.

படிக்கும்போது நீ எனக்கு நண்பன். பிறகு உன் தங்கச்சியை எனக்குக் கட்டி வைத்து மச்சான் ஆனாய். கடலூர் செம்மண்டலத்தில் உனக்கு ஜெராக்ஸ், டிடிபி கடை. சிதம்பரம் மேலவீதியில் எனக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை. போன வருஷம் ஆடியில் அந்த லேப்டாப்பை நீ வாங்கியபோது சர்க்கரை உன் கண்ணைப் பாதி தின்றிருந்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டிருந்தன. வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். பெரிய எழுத்தாகத் தெரிய வேண்டும் என்று பெரிய திரையாகப் பார்த்து வாங்கினாய். வாங்கிய அன்றே வழக்கம்போல விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டாய். எல்லாம் ஓடியது. கேமரா மட்டும் செத்த மாதிரி கிடந்தது.

புது மாதிரிக் கேமரா அது. லினக்ஸின் உயிர்நாடியான கர்னலுக்கு அதோடு பேசத் தெரியவில்லை. பேச வைக்கும் டிரைவர் என்ற நிரலை வெளிநாட்டில் ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். இன்னும் சோதனையில்தான் இருக்கிறது, நம்பிப் போடாதீர்கள், போட்டுப் பார்த்து என்ன ஆயிற்று என்று எழுதுங்கள் என்று அவரே சொல்லியிருந்தார். உன் மாடல் லேப்டாப்போடு அதுவரை அவரிடம் யாரும் போகவில்லை. உனக்கு அது போதும். அன்றே அவருக்கு எழுதிவிட்டாய்.

"போன்லதான் கேமரா இருக்குதே, இதக் கட்டிக்கிட்டு ஏன் அழற?" என்று கேட்டேன்.

"போன்ல வர்றது எவனோ செஞ்சி குடுத்தது மச்சான். இது நாம வரவெக்கிறது" என்றாய்.

நிஜக் காரணத்தை அடுத்த வாரம்தான் சொன்னாய். டிரைவர் கர்னலுக்குள் போகும்போது, அதைச் சோதித்துச் சரி என்று சொன்னவரின் பெயரையும் ஒரு வரியாகச் சேர்ப்பார்கள். அந்த ஒரு வரி உனக்கு வேண்டும். "ஊர்ல உள்ளவன் பேரெல்லாம் அடிச்சிட்டேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. எம் பேரு எங்கன்னா இருக்குதா சொல்லு. கடை போர்டுலகூட எம் பொண்ணு பேருதான்." நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அப்போதே டிரைவர் எழுதும் அந்த மனுஷனுக்கு எழுதினாய், சோதித்தவர் என்று என் பெயரைப் போடுங்கள் என்று. படம் சரியாக வந்ததும் போடுகிறேன் என்று அவர் பதில் போட்டார். அதை எனக்கு மூன்று முறை படித்துக் காட்டினாய்.

புரட்டாசியில் முதல் படம் வந்தது. தலைகீழாக வந்தது. நீ மேலிருந்து தொங்கிக்கொண்டு சிரிக்கிறாய். சட்டை மேலே, முகம் கீழே, வாயெல்லாம் பல். "பாரு மச்சான், வவ்வாலு மாதிரி தொங்குறேன்" என்று எனக்கு அனுப்பினாய். உன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்து வருஷக்கணக்காகியிருந்தது. தலைகீழாகப் பார்த்ததில் எனக்கு அது உடனே புரியவில்லை, போனைத் திருப்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த மனுஷன் கோளாறைச் சரிசெய்து இரண்டாவது டிரைவரை அனுப்பினார். ஆயுதபூஜை அன்றைக்கு நீயும் வா, சேர்ந்து போடலாம் என்று கூப்பிட்டாய்.

அன்று உன்னால் குனிய முடியவில்லை. பொட்டு வைக்கும் வேலை எனக்கு வந்தது. நீ நாற்காலியில் உட்கார்ந்து மேஸ்திரி வேலை பார்த்தாய்.

"ஜெராக்ஸ் மெஷினுக்கு வெச்சியா?"

"வெச்சாச்சி."

"ஸ்டேப்ளருக்கு?"

"அதுக்கும் வெச்சிட்டேன். ஒனக்கும் ஒண்ணு வெக்கவா?"

"லேப்டாப்ப உட்டுட்ட பாரு. மூடி மேல வெக்காத, அது முதுகு. தொறந்து நெத்தியில வை."

திறந்தேன். திரைக்கு மேலே, கறுப்பு ஓரத்தின் நட்ட நடுவில், குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தேன். மச்சான், அந்த நெற்றியில்தான் கேமரா இருந்தது. கடுகளவு கண்ணாடி. இருபது வருஷமாக அடுத்தவன் கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டு உத்தியோகம் பார்க்கிறவன் நான். என் விரலுக்கு அது தெரியவில்லை.

சுண்டல் சாப்பிட்டுவிட்டுப் புது கர்னலையும் புது டிரைவரையும் சேர்த்துப் போட்டோம். கேமராவுக்குப் பக்கத்தில் இருந்த பச்சை விளக்கு எரிந்தது. படம் இருட்டாக வந்தது. சுத்தக் கறுப்பு இல்லை, காப்பித் தூளைக் கரைத்த மாதிரி ஒரு மங்கல். காலையில் தலைகீழாகவாவது வந்த படம் மதியம் வரவில்லை, நடுவில் மாறியது டிரைவர்தான் என்று இரண்டு பேரும் சத்தியம் செய்யாத குறையாக நம்பினோம். நடுவில் பூஜையும் நடந்தது என்பது நமக்குத் தோன்றவே இல்லை.

பூஜைப் பொட்டைத் துடைக்கக் கூடாது, அதுவாக உதிர வேண்டும் என்பது உன் வீட்டில் சட்டம். குங்குமம் இரண்டு நாளில் உதிர்ந்தது. சந்தனம் காய்ந்து அங்கேயே ஒட்டிக்கொண்டது. உன் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் இரண்டு முறை செம்மண்டலம் வந்தேன், இரண்டு முறையும் பார்த்தேன். பொட்டு என்று பார்த்தேனே தவிர அழுக்கு என்று பார்க்கவில்லை.

பிறகு தினமும் போன். நான் கடையிலிருந்தபடியே நெட் வழியாக உன் லேப்டாப்புக்குள் நுழைந்து, அது எழுதி வைக்கும் பதிவுகளை ஒவ்வொரு வரியாகப் படிப்பேன். ஒரு பிழையும் இருக்காது. பிழை இல்லாததே எனக்கு ஆத்திரமாக வரும். அந்த மனுஷன் வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னார், கூட்டினோம். பழுப்பு கொஞ்சம் வெளிறியது, அவ்வளவுதான். உன் மாடலுக்கென்றே தனியாக மாற்றி மூன்றாவது, நான்காவது என்று அனுப்பிக்கொண்டே இருந்தார். டயாலிசிஸ் படுக்கையில் ஒரு கையில் ஊசி, மறு கையால் கர்னலைக் கம்பைல் செய்தாய், எழுதியதை ஓடும் வடிவமாக்கும் அந்த வேலை மணிக்கணக்கில் ஓடும். "ரத்தமும் சுத்துது, கம்பைலும் சுத்துது. எது மொதல்ல முடியுதுன்னு பாக்குறேன்" என்பாய். நர்ஸம்மா திட்டுவது எனக்குக் கேட்கும்.

ஒரு நாள் நீ சொன்னது இது. இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைக்கிறேன்.

"மச்சான், ஒரு வாட்டி பின்னால போயி பாக்கலாம். பழைய கர்னல், மொத டிரைவர். வவ்வாலு படம் வந்துச்சே, அது இப்பியும் வருதான்னு பாத்துடலாம்."

நான் கத்தினேன். நாலாவது வரைக்கும் வந்த பிறகு முதலுக்குப் போகச் சொல்கிறாயே, உனக்கு வேறு வேலை இல்லை, எனக்கு இருக்கிறது என்றேன். டயாலிசிஸ் முடிந்து வந்திருந்த மனுஷனிடம் அப்படிச் சொன்னேன்.

"ஜாஸ்தி கத்தாத. நான் எங்கியும் போவல. ஆற அமரப் பாக்கலாம்" என்று போனை வைத்தாய்.

அன்று பின்னால் போயிருந்தால் பழைய டிரைவரிலும் அதே இருட்டுதான் வந்திருக்கும். அப்படியானால் கோளாறு டிரைவரில் இல்லை என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அடுத்து கண்ணாடியைத்தான் பார்த்திருப்போம். நீ சொன்னது சரி. என் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் 'கடைசியா எப்ப வேலை செஞ்சது' என்று முதலில் கேட்கிறவன் நான், உன்னிடம் மட்டும் கேட்கவில்லை.

கார்த்திகைக் கடைசியில் அந்த மனுஷன் எழுதினார். டிரைவர் தயார், ஆனால் உங்கள் மாடலில் படம் சரிவராததால் இந்த முறை அதைச் சேர்க்க முடியவில்லை, மன்னிக்கவும். மாடல் இல்லையென்றால் உன் பெயரும் இல்லை. அதைப் போனில் எனக்குப் படித்துக் காட்டினாய். "பரவால்ல மச்சான். அவரு என்னா பண்ணுவாரு, பாவம்" என்றாய். ஆருத்ரா தரிசனம் முடிந்த மறுநாள் நானே நேரில் வருகிறேன், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்துவிடலாம் என்றேன். தேர் ஓடும்போது வீதியை விட்டு வர முடியாது என்றேன். அதற்கு முன்னால் வரவே முடியாது என்பது இல்லை. வந்திருக்கலாம்.

தேர் அன்று முற்பகலில், தேர் எங்கள் கடைப் பக்கம் திரும்பிய நேரத்தில், உன் தங்கச்சி போன் செய்தாள். கூட்டத்தின் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. அவள் அழுவது மட்டும் கேட்டது. வீட்டுக்கு ஓடினேன், நீ போய்விட்டாய் என்றாள். இரண்டு பேரும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பஸ் நிலையம் வரை நடந்தோம். கடலூர் பஸ்ஸில் ஏறினோம்.

உன் கண்ணீர் அஞ்சலியை உன் கடையிலேயே, நீ ஊருக்கெல்லாம் செய்து வைத்திருந்த மாதிரியிலேயே அடித்தேன். பெயர் போடும் இடத்தில் உன் பெயரைப் போட்டேன். படம்தான் கிடைக்கவில்லை. அடையாள அட்டையில் நீ திருடன் மாதிரி இருக்கிறாய். கடைசியில் அந்த வவ்வால் படத்தை எடுத்து நிமிர்த்திப் போட்டேன். செம்மண்டலம் முழுக்கச் சிரித்தபடி ஒட்டியிருந்தாய். நல்ல போட்டோ, எந்த ஸ்டுடியோவில் எடுத்தது என்று சிலர் கேட்டார்கள். அதையே கண்ணாடி போட்டு உன் தங்கச்சி இங்கே எங்கள் கூடத்திலும் மாட்டிவிட்டாள்.

நேற்று உன் கருமாதி. முடிந்ததும் உன் வீட்டுக்காரம்மா லேப்டாப்பை என் கையில் கொடுத்தது. "இத நீங்களே வெச்சிக்கோங்கண்ணா. அவுரு இதக் கட்டிக்கிட்டுதான் கெடந்தாரு. எனக்குத் தொறக்கக்கூடத் தெரியாது." அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன்.

இன்று காலை உன் தங்கச்சி அதைப் பிடுங்கிக்கொண்டாள். "துக்க வீட்லேருந்து வந்தது, தொடைச்சிட்டுத் தரேன்" என்று ஈரத்துணியை எடுத்தாள். துடைத்துக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"என்னாங்க இது, நெத்தியில சந்தனம் பொருக்கு தட்டிக் கெடக்குது? எப்ப வெச்சது?"

"ஆயுதபூஜைக்கு" என்றேன். சொன்ன வாய் மூடவில்லை. அவள் நகத்தால் சுரண்டித் துடைத்துவிட்டு, எனக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துக்கொண்டு நின்றாள்.

கேமராவைத் திறந்தேன். நான்காவது டிரைவர்தான் உள்ளே இருந்தது. படம் வந்தது. என் முகம், வழிக்காத தாடியோடு, நிமிர்ந்து, பளிச்சென்று. பின்னால் காலண்டரில் தேதி வரை தெரிந்தது. எல்லாம் எப்போதோ சரியாகிவிட்டிருந்தது. நீ அதன் முன்னால் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறாய், அது உன்னைப் பார்க்கத் தயாராக இருந்திருக்கிறது, நான் கண்ணை அப்பி வைத்திருந்தேன். உன் தங்கச்சியிடம் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். "ரெண்டு பேரும் ஒரு வாட்டிகூட தொடைச்சிப் பாக்கலியா" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த மனுஷனுக்கு எழுத உட்கார்ந்தேன். சந்தனத்தை அவருக்கு எப்படிச் சொல்வது என்று அடித்து அடித்து எழுதினேன். எங்கள் ஊரில் வருஷத்தில் ஒரு நாள் தொழில் செய்யும் கருவிகளை வணங்கி நெற்றியில் பொட்டு வைப்போம், நான் கேமராவின் மேல் வைத்துவிட்டேன், உங்கள் டிரைவரில் கோளாறு இல்லை, கோளாறு என் விரலில் என்று எழுதினேன். சோதித்தவர் இறந்துவிட்டார் என்றும் எழுதினேன். இறந்தவர் முன்பே உங்களிடம் கேட்டிருந்தபடி, சோதித்தவர் என்று அவர் பெயரையே போடுங்கள், என் பெயர் வேண்டாம் என்று முடித்தேன்.

மதியத்துக்குள் பதில் வந்தது. வருத்தப்பட்டிருந்தார். மாடலைச் சேர்த்துவிடுவதாகவும், நான் சொன்ன பெயரையே போடுவதாகவும் எழுதியிருந்தார். சோதனைக்குச் சான்றாக அந்தக் கேமராவில் எடுத்த ஒரு படம் மட்டும் வேண்டும் என்றார்.

என் மூஞ்சியை அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

கூடத்துச் சுவரிலிருந்து உன் படத்தைக் கழற்றினேன். காலையில்தான் உன் தங்கச்சி அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். மேசையில் லேப்டாப்புக்கு எதிரே, நீ உட்காரும் உயரத்துக்கு இரண்டு தலையணை வைத்து, அதன் மேல் நிறுத்தினேன். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் நீ வந்தாய். தொங்கவில்லை, இருட்டாக இல்லை. வாயெல்லாம் பல்லாகச் சிரித்தபடி, நேராக வந்தாய். சந்தனம் உன் நெற்றியில் இருந்தது.

அதைத்தான் அனுப்பினேன். படம் தெளிவாக இருக்கிறது, பெயரைச் சேர்த்துவிட்டேன், நன்றி என்று ஒரே வரி வந்தது.

மச்சான், உன் பெயர் உள்ளே போய்விட்டது. இனி உலகத்தில் எவன் அந்த லேப்டாப்பை வாங்கி லினக்ஸ் போட்டாலும் அவன் கேமரா திறக்கும். நாளைக்குக் கடை திறக்க வேண்டும். யாராவது வந்து, பின்னால போயி ஒரு வாட்டி பாக்கலாமே சார் என்று சொன்னால் கத்த மாட்டேன். போய்ப் பார்ப்பேன். உன்னிடம் மட்டும்தான் போக முடியவில்லை.