மகரந்தக் கறை

மார்ச் 3, திங்கள்

இன்று முதல் நான் ஒரு பூக்கடையின் ஊழியன். இருபத்தெட்டு ஆண்டுகள் மகரந்தத் தூளை நுண்ணோக்கியில் பார்த்துப் பாடம் நடத்தியவனைப் பல்கலைக்கழகம் ஒற்றை வரியில் அனுப்பிவைத்தது: மாணவர் சேர்க்கை போதாமையால் துறை மூடப்படுகிறது. அந்த வரியில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. திருத்திவிட்டுக் கையெழுத்திட்டேன்.

மூன்று மாதம் சோதனைக் காலம். கடையின் உரிமையாளர் என்னைவிட ஆறு வயது இளைய அம்மாள். சான்றிதழ்களைத் தொடவில்லை, கைகளை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "மெத்துனு இருக்கு. ஒரு மாசத்துல சரியாயிடும்" என்றார்.

வேலை: வாளி கழுவுதல். முப்பத்தொன்று.

மார்ச் 8, சனி

பூங்கொத்து கட்டும் பெண்மணியைக் கடையில் எல்லோரும் கத்தரி அக்கா என்கிறார்கள். கையிலிருக்கும் கத்தரிக்கோலைப் பார்த்து வைத்த பெயர் என்று நினைத்திருந்தேன். அவர் வாயைத் திறக்கும்வரை.

லில்லி மொட்டு விரிந்தவுடன் உள்ளேயிருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட வேண்டுமாம். தூள் துணியில் பட்டால் கறை போகாதாம். மறுத்தேன். அவை இல்லாத பூ குறைப்பூ என்றேன். தூளின் மேலுள்ள எண்ணெய்ப் பசை, பூச்சியின் காலில் ஒட்டிக்கொள்வதற்கான எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு என்று விளக்கினேன். இடைமறிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"சார், பூச்சி நம்ம கஸ்டமர் இல்ல."

கிள்ளினேன்.

மார்ச் 16, ஞாயிறு

மனைவி தன் அண்ணனிடம் தொலைபேசியில் பேசியது காதில் விழுந்தது. நான் ஏதோ ஒரு தனியார் நிறுவனத்தில் ஆலோசகராக இருக்கிறேனாம். பேசிவிட்டுத் திரும்பியவள் என்னைக் கண்டு நின்றாள். நான் செய்தித்தாளின் பக்கத்தைப் புரட்டினேன்.

இருபத்தாறு ஆண்டுகளில் அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. முதல் பொய், என்னைப் பற்றி.

கத்த வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. அதுதான் எனக்கே அச்சமாக இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

கட்டைவிரலில் ரோஜா முள். கொத்துக் கட்டுவது இன்னும் கைவரவில்லை. ஒவ்வொரு தண்டையும் ஒரே பக்கமாகச் சாய்த்து வைத்து, கொத்தைச் சுழற்றிக்கொண்டே போக வேண்டும். ஏழாவது தண்டில் என்னுடையது துடைப்பமாகிவிடுகிறது. துடைப்பம் விற்க எதிர்க்கடை இருக்கிறது என்று கத்தரி அக்கா நினைவூட்டினார்.

ஏப்ரல் 19, சனி

கொத்துக் கைவந்துவிட்டது. இருபத்தொரு தண்டு. மேசைமேல் வைத்ததும் சாயாமல் தானாக நின்றது. வீட்டில் சொல்லலாம் என்று படியேறும்வரை நினைத்திருந்தேன்.

மே 6, செவ்வாய்

மைத்துனரின் மகளுக்குத் திருமணம். வரவேற்புக்கான பூ அலங்காரம் எங்கள் கடைக்கே வந்திருக்கிறது. நான் இங்கே இருப்பது அவருக்குத் தெரியாது. கடைக்கார அம்மாள் அதை என்னிடம் கொடுத்தார். "இத ஒண்டியா செஞ்சு காட்டுங்க. அப்புறம் உங்கள நிரந்தரமாக்கறத பத்திப் பேசலாம்."

வீட்டில் சொன்னேன். மனைவி நெடுநேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கு மட்டும் லீவு போட்டுடுங்களேன். எனக்காக."

"உனக்காகன்னா, எதுக்காக?"

"எங்கண்ணன் முன்னாடி நீங்க வாளி தூக்கணுமா?"

தூக்குவேன் என்றேன். அதன் பிறகு தேவைக்கு மட்டும், இலக்கணப் பிழையின்றிப் பேசினேன். கோபத்தில் எனக்கு மரியாதை கூடிவிடும். உறங்கப் போகுமுன் அவளை 'நீங்கள்' என்று அழைத்துவிட்டேன்.

மே 24, சனி

ஆறு மணிக்கே மண்டபத்துக்குப் போய்விட்டேன். இருபது மேசை, மேசைக்கு நான்கு லில்லி. ஒன்பதரைக்கு முடிந்தது. எல்லாம் மொட்டு. மாலையில் விரிந்ததும் போய்க் கிள்ளியிருக்க வேண்டும். அது என் வேலை. ஆனால் நான்கு மணிக்கெல்லாம் சொந்தக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

போகவில்லை. கோட்டு அணிந்து, மனைவியுடன், விருந்தினனாக முன்வாசல் வழியே நுழைந்தேன். எழுதும்போதே கூசுகிறது.

மண்டபத்து வெக்கையில் எண்பதும் விரிந்திருந்தன. மணப்பெண் ஒரு மேசைமேல் குனிந்து யாரிடமோ பேசிவிட்டு நிமிர்ந்தாள். வெளிர் நிற உடையின் கை முழுவதும் செம்பழுப்பு. மைத்துனர் கைக்குட்டையை நனைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

"எவன் வெச்ச பூ இது? அந்த ஆள மொதல்ல கூப்பிடு."

மனைவியின் விரல்கள் என் முழங்கையைப் பற்றின. போ என்றா, போகாதே என்றா? தெரியவில்லை. எழுந்தேன்.

"தண்ணி வைக்காதீங்க மச்சான். தேய்க்கவும் வேண்டாம். அது எண்ணெய்ப் பசை, உள்ள இறங்கிடும்."

"அதெப்படி உங்களுக்குத் தெரியும் மாப்பிள்ள?"

"நான்தான் வெச்சேன். அந்தக் கடையிலதான் வேலை பாக்கறேன். சாயங்காலம் வந்து கிள்ளியிருக்கணும். வரல."

"ஏன் மாமா வரல?" என்று கேட்டது மணப்பெண்.

"நீங்கள்லாம் பாத்துடுவீங்கன்னு."

அவள் கையை நீட்டினாள். பரிசு மேசையிலிருந்த ஒட்டும் நாடாவைத் துண்டு துண்டாக வெட்டி, மெல்ல ஒற்றி ஒற்றி எடுத்தேன். பதினான்கு துண்டு. மிஞ்சியது ஒரு நிழல்தான். பிறகு கோட்டைக் கழற்றிவிட்டு, விருந்து நடந்துகொண்டிருந்த மேசைகளின் நடுவே எண்பது பூவின் மகரந்தப் பைகளையும் கிள்ளினேன். பூவுக்கு ஆறு. மைத்துனர் தொலைவிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா முறையுள்ள ஒருவர், தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே, "புரொபசர், இந்தப் பக்கம் ஒண்ணு விட்டுட்டீங்க" என்றார்.

விட்டிருந்தேன்.



மே 25, ஞாயிறு

ஆலோசகர் என்று அவள் சொன்னது பொய். சரி. நேற்று நான் அணிந்து போன கோட்டு? இரண்டு மாதத்துக்கும் மேலாக அவளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவைத்திருந்தேன், நான் என்னவோ நீதிபதி மாதிரி. வெக்கமா இருக்கு.

மன்னிப்புக் கேட்க மூன்று முறை சமையலறை வாசல்வரை போய்த் திரும்பினேன். நான்காம் முறை கேட்டேன்.

"நானும் கேக்கணும்" என்றாள். கேட்கவில்லை.

மே 31, சனி

கடைக்கார அம்மாளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நானும் மறைக்கவில்லை. "பூ நல்லாத்தான் இருந்துச்சு. பாதியில விட்டுட்டு ஓடினீங்க பாருங்க, அது தப்பு." சோதனைக் காலம் இன்னும் ஒரு மாதம்.

நியாயமான தீர்ப்பு. என் துறையை மூடிய குழுவில் ஐந்து பேர் இருந்தார்கள். ஒருவருக்கும் இப்படி முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியவில்லை. அவர்கள் மீதுள்ள கோபம் அப்படியே இருக்கிறது. இருக்கட்டும்.

ஜூன் 14, சனி

காலை பதினோரு மணிக்குக் கடையில் நிற்க இடமில்லை. குனிந்து கொத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். சுற்றும் காகிதம் காற்றில் எழும்பியது. ஒரு கை வந்து அதன் ஓரத்தை அழுத்தியது. நிமிர்ந்தால், மனைவி. இதுவரை இந்தத் தெருப் பக்கமே வந்ததில்லை அவள்.

கொத்துக்காகக் காத்திருந்த பெண்மணி அவளையும் கடை ஆள் என்று நினைத்துவிட்டார். நீங்களும் இங்கேதான் வேலையா என்று கேட்டார். கடை முழுக்க ஆட்கள்.

"இல்லீங்க. இவர்தான் இங்க வேலை பாக்கறாரு. நான் இவரோட வீட்டுக்காரி."

நான் நாடாவைச் சுற்றி முடிச்சுப் போடும்வரை காகிதத்திலிருந்து கையை எடுக்கவில்லை.