அமைதியான தண்ணீரில் இரண்டு கொடிகள்

கெட்டில் பே
பிப்ரவரி 9

ஷெல்பி,

நீ பொய் சொன்னாய். கடற்கரைக் காவல் கிளப்பின் கமிட்டி முன்னால் எழுந்து நின்று, "நான் அப்போ அங்க இல்ல, தண்ணி பாட்டில் நிரப்பிட்டு இருந்தேன்" என்றாய். பள்ளி விடுதியில் உன் போனைப் பூட்டி வைத்துவிட்டார்களாம். அதனால் காகிதத்தில் திட்டுகிறேன்.

குளிக்கும் எல்லையைக் காட்டும் கொடிகளில் ஒன்று என் கையில் இருந்தது, இன்னொன்று உன் கையில். கடற்கரைக் காவலுக்கு உன் அப்பா கிரெய்க்தான் தலைவர். கிளப்பின் புது மேல்தளத்தில் ஊர்க் கவுன்சில் விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். படம் அழகாக விழவேண்டும் என்று கொடிகளை அவர்களுக்கு நேரே நடச் சொன்னார்.

"கிரெய்க், அங்க அலையே உடையல. அது இழுப்பு, ஆளை உள்ள கொண்டு போயிடும்" என்றேன்.

"தண்ணி கண்ணாடி மாதிரி கெடக்கு. வந்துட்டா பெரிய கடல்ராணி! நடு, பாப்பா."

நட்டேன். கொடிகளுக்கு நடுவே குளித்தால் பத்திரம் என்று நம்பித்தான் அந்தச் சின்னப் பெண் இறங்கினாள். இழுப்பில் மாட்டிக்கொண்டவளை நாம் இரண்டு பேரும்தான் கரைக்கு இழுத்து வந்தோம். பிழைத்துவிட்டாள்.

இப்போது "பசங்க தப்பா நட்டுட்டாங்க" என்று முடித்துவிட்டார்கள். பதினெட்டு வயதுக்குக் கீழே யாருக்கும் இனிக் காவல் கிடையாது. என் காவல் தொப்பியையும் வாங்கிக்கொண்டார்கள்.

நான் முதலில் வந்தது ஞாயிறு காலை கிளப்பில் சுட்டுத் தரும் ஓசி சாசேஜுக்கு. உனக்கே தெரியும். எப்போது மாறியது என்று தெரியாது. யாரும் எழுப்பாமலே ஞாயிற்றுக்கிழமை எழுந்து ஓடிப்போய்க் கடலைப் பார்க்க ஆரம்பித்தேன். அதைத்தான் நீ பிடுங்கிக் கொடுத்துவிட்டாய்.

மார்லி

சிட்னி
பிப்ரவரி 17

அன்புள்ள மார்ஸ்,

கழிப்பறையில் உட்கார்ந்து அழுதுகொண்டே படித்தேன். அப்பா இருபது வருஷமாகச் சம்பளம் வாங்காமல் அங்கே நிற்கிறவர். அவர் பெயர் கெட்டால் கிளப்பே போய்விடும். "சின்னப் பிள்ளைங்க மேல போட்டா ஒரு வருஷத்துல மறந்துடுவாங்க" என்கிறாள் அம்மா.

இங்கே வாரம் ஒருநாள் முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப் போகிறார்கள். சான்றிதழ் உண்டு. நீயும் வேறு ஏதாவது சேவை செய்யலாமே, மரம் நடுவது மாதிரி? கோபப்படாதேடி.

என்றும் உன்
ஷெல்ப்

கெட்டில் பே
மார்ச் 2

ஷெல்பி,

மரம் நடவா?

நேற்று ஆள் போதவில்லை என்று காவலே போடவில்லை. ஜனம் குளித்துக்கொண்டுதான் இருந்தது. மீட்புப் பலகையோடு நான் தண்ணீரோரம் நின்றேன். உன் அப்பா வந்தார்.

"வீட்டுக்குப் போ மார்லி. ரூல்ஸ்னா ரூல்ஸ்."

"அப்போ நீங்க நில்லுங்க."

காரில் ஏறிப் போய்விட்டார். இருபது வருஷம் இலவசமாக நின்றால் ஒரு பொய் இலவசமா?

ஞாயிற்றுப் பயிற்சிக்கு வருகிற பொடியன் ஒருவன் கேட்டான்: "தலைவர் சொன்னா தப்புனாலும் நடணுமா?" நடாதே என்றேன். நடாமல் இருந்தால் தன் பக்கம் யார் நிற்பார்கள் என்று கேட்டான்.

பதினைந்தாம் தேதி கமிட்டி மறுபடி கூடுகிறது. வா.

மார்லி

கெட்டில் பே
மார்ச் 23

ஷெல்பி,

கூட்டம் முடிந்தது; தடையை எடுக்கவில்லை. நீ வரவில்லை, எழுதவும் இல்லை. எனக்குத் தொப்பி திரும்பி வராது. மற்றப் பிள்ளைகளுக்காகக் கேட்கிறேன். ஒரே ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு: கொடிகளை அங்கே நடச் சொன்னது யார்?

மார்லி