சிங்கக்காரனும் றெக்கைக்காரனும் ஒரே பக்கத்தில்

பேத்தி கட்டிலில் போட்டுவிட்டுப் போன படக்கதைப் புத்தகத்தை ஓரமாக வைக்கத்தான் எடுத்தேன். புதுத் தாளின் மை வாசம் மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. நம் சின்ன வயதில் ஊருக்கு வரும் துணி மூட்டைக்காரர், வேட்டிக் கட்டின் மேல் ஒட்டியிருக்கும் மில் படத்தாளை உரித்துக் கொடுப்பாரே, அதன் வாசமும் இதேதான்.

அட்டையில் இரண்டு பேர் தோளோடு தோள் நிற்கிறார்கள். ஒருவன் முகமூடி போட்ட நல்லவன். இன்னொருவன் போன புத்தகம் வரைக்கும் அவனைக் கொல்லத் துரத்தியவன். எனக்குத் தெரியும். நான் படித்தது அஞ்சாம் வகுப்புதான் என்றாலும், எழுத்துக்கூட்டியாவது எல்லாவற்றையும் படித்துவிடுகிறேன். பேத்தியைக் கூப்பிட்டேன்.

"ஏன் கண்ணு, இவனுக ரெண்டு பேரும் எப்பச் சேந்தானுக?"

"வேற ஒரு பெரிய வில்லன் வந்துட்டானுங்க அம்மிச்சி. அவன அடிக்கறதுக்காகச் சேந்துட்டாங்க."

"அப்பறம்?"

"அடுத்த புக்குல மறுபடியும் அடிச்சுக்குவாங்க."

"அப்ப இப்பச் சேந்தது பொய்யா?"

"அட, இது கதைங்க அம்மிச்சி!" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதனால் உன்னிடம் கேட்கிறேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. இருந்தவரைக்கும் பேசாதவள் இப்போது கேட்கிறாளே என்று நீ சிரிக்கலாம். சிரித்துக்கொள்.

நமக்கு அப்போது பத்து வயது. உன் அப்பனும் என் அப்பனும் பங்காளிகள். சூலூருக்குத் தெற்கே நம் தோட்டத்துக் கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. நாலு நாள் உங்கள் முறை, நாலு நாள் எங்கள் முறை. எங்கள் முறையில் உன் அப்பன் மாட்டைப் பூட்டித் தண்ணீர் இறைத்தார். அதில் தொடங்கிய சண்டை கோர்ட்டு வரைக்கும் போயிற்று. உங்கள் வீட்டில் நாங்கள் கை நனைப்பதில்லை, எங்கள் வீட்டில் நீங்கள் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லை. நாம் இரண்டு பேர் மட்டும் பள்ளிக்கூடத்தில் வைத்துப் பேசிக்கொண்டோம்.

துணி மூட்டைக்காரர் கொடுத்த படங்களைப் பழைய நோட்டில் கஞ்சி தடவி ஒட்டிக் கதை சேர்த்தோம். எனக்குக் கிடைத்தவன், சிங்கத்தின் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிற பலசாலி. அவன் பேர் சிங்கக்காரன். உனக்குக் கிடைத்தவன் பச்சை முகமும் பெரிய இறக்கையும் வைத்த ஏதோ ஒரு சீமை அசுரன். அவன் றெக்கைக்காரன். அவன் ஊர்க் கிணறுகளையெல்லாம் ஒரே மூச்சில் குடித்துவிடுவான் என்று நான்தான் கதை கட்டினேன். யாரை மனதில் வைத்துக் கட்டினேன் என்று உனக்குத் தெரியாமலா இருக்கும்?

"அவனுக்குத் தாகம் புள்ள, அதான் குடிக்கறான்" என்பாய் நீ.

"தாகமா இருந்தா அவன் முறையில குடிக்கட்டும்" என்பேன் நான்.

அந்த நோட்டும் கிணறு மாதிரி முறைதான். நாலு நாள் உன்னிடம், நாலு நாள் என்னிடம். உன் முறையில் என் சிங்கக்காரன் அடி வாங்குவான். என் முறையில் உன் றெக்கைக்காரன் மண்ணைக் கவ்வுவான்.

பிறகு என் அப்பன் காய்ச்சலில் விழுந்தார். மூன்றே நாள். சொல்லியனுப்புவதற்கு முன்பே உன் அப்பன் வாசலில் வந்து நின்றார். பாடையின் முன்கழியை வேறு யாருக்கும் விடவில்லை. சுடுகாட்டுக்குப் போய்த் திரும்பியபோது அவர் முகத்தில் மீசை இல்லை. என் அப்பன் வரப்பில் வந்தாலே முறுக்கிக் காட்டுவாரே, அதே மீசை. மேலுதடு வெளுத்துப்போய் வேறு ஆள் போலத் தெரிந்தார். அழுதார். நான் பார்த்தேன்.

"பங்காளியல்லொ, தீட்டு அவீகளுக்கும் உண்டு. வராம எங்க போவாங்க?" என்றாள் என் அத்தை.

கருமாதி முடிந்த மறுநாள் காலையில் கிணற்றுமேட்டில் மறுபடியும் சத்தம். உன் அப்பன் என் அண்ணனைப் பார்த்து, "உங்கொப்பனுக்கே நான் பயந்ததில்ல, நீ என்னடா?" என்றார். மீசை இன்னும் எள்ளுப் போட்ட மாதிரிதான் முளைத்திருந்தது.

அதே நாள்தான் பள்ளிக்கூடத்தில் நோட்டு என் கைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். என் சிங்கக்காரனை ஓரம் பிடித்து வெட்டியிருந்தாய், சிங்கம் இல்லாமல். பக்கத்தில் உன் றெக்கைக்காரன். இரண்டு பேருக்கும் நடுவில் கரியால் நீளமாக ஒரு பாரம் வரைந்திருந்தாய். இரண்டு பேர் கைகளும் அதைத் தாங்கிக்கொண்டிருந்தன.

"இது எங்கப்பன் பாடையா?" என்று கேட்டேன்.

"இல்ல புள்ள..."

"எங்கப்பன் செத்தது உனக்குக் கதையா?"

"அப்படி இல்ல புள்ள. ரெண்டு பேரும் ஒரே பக்கத்துல நின்னா எப்படி இருக்கும்னு பாக்கோணும்னு..."

முடிக்க விட்டேனா? பக்கத்தைப் பிடித்து இழுத்தேன், நீயும் விடவில்லை. கிழிந்தது. பாதி உன் கையில், பாதி என் கையில். அன்றோடு பேச்சு நின்றது.

கல்யாணமாகி நீ ஒரு திசை, நான் ஒரு திசை. ஒரே ஒருமுறை காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்தாய். "ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கீங்ளா?" என்றாய். என்னைப் 'புள்ள' என்றவள் ஊராருக்குப் போடுகிற மரியாதையை எனக்கும் போட்டாய். அது சுட்டது. முன்னால் நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். அது தாராபுரம் பஸ். பாதி வழியில் இறங்கி வெயிலில் நின்றேன். அதையும் உன் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

இப்போது எனக்குள் ஒரே குழப்பம். உன் அப்பன் அழுதது மெய்யென்றால் கருமாதி முடிந்ததும் கத்தியது என்ன? கத்தியது மெய்யென்றால் அந்த மீசை என்ன? இரண்டும் மெய்தான் என்று பத்து வயதிலேயே உனக்குத் தெரிந்து, அதைத்தான் ஒட்டிக் காட்டினாயா? இல்லை, சும்மா ஒட்டினாயா? நீ சொல்ல வந்ததை நான் கேட்டிருக்கலாம்.

நீ போன சேதி சாயங்காலம் வந்தது. நான் வரவில்லை. கட்டிக்கொடுத்த பெண்கள் நாம், வேறு வேறு வீட்டுக்காரிகள் ஆகிவிட்டோம். உன் சாவுக்கு எனக்குத் தீட்டு இல்லை. இருந்தும் எழுந்து போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டேன்.

"ஏனுங்க அம்மிச்சி, இந்நேரத்துல தலைக்கு ஊத்திருக்கீங்க?" என்றாள் பேத்தி.

"வேர்த்துச்சு கண்ணு" என்றேன். மார்கழி மாதம்.

அன்று கோபத்தில் யார் எந்தப் பாதி என்று பார்க்காமல் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். வந்து பார்த்தால் என்னிடம் இருந்தது உன் றெக்கைக்காரன். என் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறான். பச்சை மங்கிவிட்டது, ஒரு றெக்கையைப் பூச்சி தின்றுவிட்டது. என் சிங்கக்காரனை நீ என்ன செய்தாயோ, தெரியாது. உன் மேல் கோபமும் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கிழிந்த ஓரத்தில், அந்தக் கரிப் பாரத்தின் கீழே, ஒரு கை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது றெக்கைக்காரன் கை இல்லை. இத்தனை வருஷத்தில் அதை நான் பிய்த்துப் போடவில்லை.